பட்டா ஒருவர் பேரில், அனுபவம் இன்னொருவர் கையில்: பிலிப்பைன்ஸின் கடலில் நடப்பது என்ன?

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு பருவம் கேழ்வரகு, கிணற்றில் தண்ணீர் இருந்தால் தக்காளி. முழங்கால் வலி வந்தபிறகு நான்கைந்து வருடம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் வண்டியில் உட்காரவைத்து நான்தான் கூட்டிப்போனேன். மேற்கு வரப்பைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை. முன்பு இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் விலகி நடக்கும் அகலத்தில் இருந்த வரப்பு, ஒற்றைக் கால் வைக்கவும் இடமில்லாமல் மெலிந்து கிடந்தது. அதுவும் நகர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்தது. வரப்பு ஓரம் அவர் வைத்த வேப்பமரம் இப்போது பக்கத்து நிலத்துக்குள் நின்றது. குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உழவுக்கு ஒரு சால்னு எடுத்திருக்காங்கடா. ஒரு சாலுக்கு எவன் போயி ஸ்டேஷன்ல மனு குடுப்பான்?"

வாரக் கடைசியில் தர்மபுரியில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசுவது என் வழக்கம். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள் பாதிப் பேர். தென் சீனக் கடல் விவகாரம் பேச்சில் வரும்போதெல்லாம் நான் அந்த வரப்பில்தான் தொடங்குவேன். கடலே பார்க்காத மாவட்டத்தில் இருந்துகொண்டு பிலிப்பைன்ஸின் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வசதி குறைந்த ஒரு நாடு, பலம் மிகுந்த பக்கத்து நாடு, நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பு தண்ணீரில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலை எப்படி அளக்கிறார்கள்?

கடலில் சர்வே கல் நட முடியாது. அதனால் கரையிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். அதற்கான அளவு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 1982இல் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை யாருக்கு எவ்வளவு என்று வகுத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ், சீனா இரண்டுமே அதில் சேர்ந்த நாடுகள்.

கரையிலிருந்து முதல் 12 கடல் மைல் ஆட்சிக் கடல். ஏறத்தாழ 22 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து பாலக்கோடு போகிற தூரம். இது பட்டா நிலம் மாதிரி. அந்த நாட்டின் சட்டம் இங்கே செல்லும். பிற நாட்டுக் கப்பல்கள் தொந்தரவு செய்யாமல் கடந்து போகலாம் என்பது மட்டும் விதிவிலக்கு.

அடுத்தது தனிப் பொருளாதார மண்டலம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது 370 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் எல்லாம் கடந்து மதுரையையும் தாண்ட வேண்டும், அவ்வளவு தூரம். இந்த மண்டலத்தைப் புரிந்துகொள்ள ஏரியில் மீன் குத்தகை எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குத்தகை எடுத்தவருக்கு மீன் சொந்தம், மற்றவர் வலை போடக்கூடாது. ஆனால் ஏரி அவருடையது அல்ல. கரைமேல் யாரும் நடக்கலாம், மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கலாம். அதேபோல இந்த மண்டலத்தின் மீனும், அடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும் கரைக்குரிய நாட்டுக்கே. அங்கே செயற்கைத் தீவு கட்டும் உரிமையும் அந்த நாட்டுக்கே. கப்பல் போக்குவரத்துக்கு மட்டும் யாருக்கும் தடையில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைத்தான் பிள்ளைகள் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். கடல் நடுவில் இருக்கும் மேடுகள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல. மனிதர் தாமாக நிலைத்து வாழத் தக்க தீவுக்கு 200 கடல் மைல் மண்டலம் கிடைக்கும். ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறும்போதும் தலை நீட்டி நிற்கும் வெறும் பாறைக்கு 12 கடல் மைல் மட்டும். ஓதம் ஏறினால் மூழ்கிவிடும் திட்டுக்குத் தனியாக எதுவும் இல்லை. அதன்மேல் மணலைக் கொட்டி, கான்கிரீட் போட்டு, விமானமே இறங்கும்படி செய்தாலும் இயற்கையில் அது எதுவாக இருந்ததோ அதுதான் கணக்கு. புறம்போக்கில் மாடி வீடு கட்டினாலும் புறம்போக்கு புறம்போக்குதான்.

யார் என்ன கேட்கிறார்கள்?

பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகளால் ஆன நாடு. மக்கள்தொகை 11 கோடிக்கு மேல். அதன் மேற்கே இருப்பது தென் சீனக் கடல். உலகக் கடல் வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வழியாகப் போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பலவான் தீவுக்கு அப்பால் மலம்பாயா எரிவாயு வயல் இருக்கிறது. தலைநகர் மணிலா இருக்கும் லூசோன் தீவின் மின்சாரத்தில் கணிசமான பங்கை அதுதான் தந்துவந்தது. இப்போது அது வற்றிக்கொண்டு வருகிறது. புதிதாகத் தோண்டலாம் என்று பார்த்தால், முக்கியமான இடம் தகராறுக்கு உரிய கடலுக்குள் இருக்கிறது.

அன்றைய சீனக் குடியரசு அரசு 1947இல் ஒரு வரைபடம் போட்டது. கடலைச் சுற்றி 11 கோடுகள். பிறகு வந்த மக்கள் சீனம் அதை ஒன்பதாக்கி, 2009இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதத்தோடு இணைத்தது. தென் சீனக் கடலின் பெரும்பகுதி அந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடும். தங்கள் மீனவர்களும் மாலுமிகளும் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய கடல் இது, ஆகவே வரலாற்று உரிமை உண்டு என்பது சீனாவின் வாதம். வியட்நாம், மலேசியா, புருனே ஆகியவையும் ஆளுக்கொரு பகுதியைக் கேட்கின்றன, தைவானும் உரிமை கேட்கிறது. பிலிப்பைன்ஸ் கேட்கும் சில திட்டுகளில் வியட்நாமியர் இருக்கிறார்கள். எனவே இரண்டு பேர் சண்டை என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. ஆனாலும் பிலிப்பைன்ஸின் தூக்கத்தைக் கெடுப்பது சீனாதான்.

கச்சத்தீவு மாதிரியா என்று வகுப்பில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இல்லை. அங்கே 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் உட்கார்ந்து கோடு போட்டுக் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தம் சரியா தவறா என்பதுதான் நம் வழக்கு. தென் சீனக் கடலில் பிலிப்பைன்ஸும் சீனாவும் ஒத்துக்கொண்ட கோடு என்று ஒன்று இல்லவே இல்லை.

சால் சாலாக

இனி வரப்பு நகர்ந்த கதை. 1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸை ஆண்டது அமெரிக்கா. இடையில் மூன்றாண்டு ஜப்பானியரிடம் இருந்தது. விடுதலைக்குப் பிறகும் கிளார்க் விமானத் தளமும் சூபிக் கடற்படைத் தளமும் அமெரிக்கர் கையிலேயே இருந்தன. 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்து கிளார்க் தளம் சாம்பலில் மூழ்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று, தளங்களைத் தொடரும் ஒப்பந்தத்தை பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்ற வாக்கில் நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர் சூபிக்கைக் காலி செய்தார்கள். அந்த வாக்கு தன்மானமுள்ள வாக்கு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் காவல்காரனை அனுப்பிவிட்டால் நாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டும். ராணுவத்தைப் புதுப்பிக்க 1995இல் சட்டம் வந்தது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து பணத்தை அடித்துக்கொண்டு போனது. வேலி காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அந்த இடைவெளியில்தான் முதல் சால். 1995 தொடக்கத்தில் மிஸ்சீஃப் பவளத்திட்டில் கால் நட்டுக் கட்டிய குடில்கள் தென்பட்டன. பலவானிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் மேல். மீனவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியது என்றது சீனா. இன்று அங்கே இருப்பது நீண்ட விமான ஓடுதளம், ராடார், கப்பல் நிற்கும் துறை. 2013 இறுதியிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இப்படி ஏழு திட்டுகளில் கடலடி மணலை வாரிக் கொட்டி சுமார் 3,200 ஏக்கர் நிலத்தை உண்டாக்கினார்கள்.

மிஸ்சீஃபைப் பார்த்துப் பதறிய பிலிப்பைன்ஸ் 1999இல் ஒரு காரியம் செய்தது. அந்த வட்டாரத்திலேயே உள்ள செகண்ட் தாமஸ் திட்டில், சியரா மாட்ரே என்ற பழைய கப்பலை வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது. இரண்டாம் உலகப் போருக்காக 1944இல் அமெரிக்காவில் கட்டிய கப்பல் அது. தரைதட்டி நிற்கும் அந்தக் கப்பலில் சில கடற்படை வீரர்களைக் குடியிருக்க வைத்தார்கள். இன்றுவரை முறைபோட்டு மாறி மாறி இருக்கிறார்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் கடற்படைப் பதிவேட்டிலிருந்து அதை நீக்கவில்லை. காரணம் இருக்கிறது: பதிவேட்டில் இருக்கும்வரை அதைத் தாக்குவது பிலிப்பைன்ஸ் கடற்படையைத் தாக்குவதாகும். நிலத்தில் ஒரு கொட்டகை போட்டு ஆளைப் படுக்க வைப்பது போலத்தான். பெரியப்பாவின் நிலத்தில் யாராவது தொடர்ந்து உழுதுகொண்டிருந்தால் வேப்பமரம் இடம் மாறியிருக்காது.

2012 ஏப்ரலில் ஸ்கார்பரோ திட்டு. இது லூசோன் கரையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். அங்கே பவளமும் பெருஞ்சிப்பிகளும் எடுத்துக்கொண்டிருந்த சீனப் படகுகளைப் பிடிக்க, பிலிப்பைன்ஸ் தன்னிடம் இருந்த மிகப் பெரிய போர்க்கப்பலை அனுப்பியது. அதுவே அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1967 முதல் ஓட்டிவிட்டு 2011இல் கைமாற்றிய கப்பல். சீனா போர்க்கப்பலை அனுப்பவில்லை. வெள்ளை நிறம் பூசிய கண்காணிப்புக் கப்பல்களை அனுப்பிக் குறுக்கே நிறுத்தியது. மீனவர் மீது ராணுவத்தை ஏவியது பிலிப்பைன்ஸ்தான் என்று சொல்ல அது வாய்ப்பானது. இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஜூனில் வானிலை மோசமாகி பிலிப்பைன்ஸ் கப்பல்கள் திரும்பின. சீனக் கப்பல்கள் போகவில்லை.

என் அக்கா மகன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை பார்க்கிறான். உலகத்தில் எந்தக் கப்பலில் ஏறினாலும் பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார்கள். அவனோடு இருந்த ஒருவர் லூசோனின் மேற்குக் கரையில் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். "மாமா, அவங்கப்பா அந்தத் திட்டுக்குத்தான் போவாராம். புயல் அடிச்சா உள்ளாற போயி படகைக் கட்டிக்கிட்டா அலையே தெரியாதாம். இப்ப வாசல்லயே நிறுத்திடுறாங்களாம்" என்றான். ஸ்கார்பரோ ஒரு வளைய வடிவத் திட்டு. நடுவில் அமைதியான நீர்ப்பரப்பு, உள்ளே போக ஒரே வாசல். அந்த வாசலில் மிதவை கட்டி அடைப்பதும், பிலிப்பைன்ஸ் ஆட்கள் அதை அறுத்துவிடுவதும் நடந்திருக்கிறது. பாதுகாப்புச் சிக்கல் என்று செய்தித்தாள் சொல்வது, அந்தக் கரையில் ஒரு வீட்டின் அடுப்பு.

கப்பல் வாங்க ஏன் முடியவில்லை?

வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். ஏழை நாட்டுப் பாதுகாப்பில் முதல் சிக்கல், அதன் ராணுவம் வெளியே பார்க்க நேரமில்லாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பது. கம்யூனிஸ்ட் கட்சியின் புதிய மக்கள் படை 1969இல் தொடங்கிய ஆயுதப் போராட்டம் பல தலைமுறை தாண்டியது. தெற்கே மிண்டனாவோவில் மோரோ முஸ்லிம்களின் தன்னாட்சிப் போராட்டம். பெரிய இயக்கத்தோடு 2014இல்தான் முழு உடன்பாடு வந்தது. 2017இல் ஐ.எஸ். ஆதரவுக் குழுக்கள் மராவி நகரத்தைப் பிடித்தன. தெருத்தெருவாகச் சண்டைபோட்டு மீட்க ஐந்து மாதம் ஆயிற்று. காட்டில் நடக்கும் போருக்குக் காலாட்படை வேண்டும், ஜீப்பும் துப்பாக்கியும் வேண்டும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் மிஞ்சியதுதான். தன் கடைசி எஃப்-5 போர் விமானங்களை 2005இல் ஓய்வுக்கு அனுப்பிய பிலிப்பைன்ஸ், தென் கொரியாவிலிருந்து புது ஜெட் வரும் 2015 வரை பத்தாண்டு, ஜெட் போர் விமானம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது.

உள்நாட்டுப் போர் நின்றாலும் புயல் நிற்காது. ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் அந்நாட்டின் பக்கம் வருகின்றன. 2013 நவம்பரில் வந்த ஹையான் புயலில் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அரிசி மூட்டை ஏற்றிப் போகவும் பிணம் எடுக்கவும் அதே ராணுவம்தான், அதே கப்பல்கள்தான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை எல்லாம் கேட்கும் பட்ஜெட்டில் போர்க்கப்பலுக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும்? இது திறமைக் குறைவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. நம் ஊரில் கிணறு வெட்டுவதா, பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதா என்று முழிக்கிற குடும்பத்திடம் வேலிக்கல் ஏன் வாங்கவில்லை என்று கேட்பது போன்ற கேள்வி அது.

இரண்டாவது சிக்கல், தகராறு யாரோடோ அவரிடமே விளைச்சலையும் விற்க வேண்டியிருப்பது. 2012இல் ஸ்கார்பரோவில் கப்பல்கள் முறைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், பூச்சி இருக்கிறது என்று சொல்லி சீனா பிலிப்பைன்ஸ் வாழைப்பழத்துக்குக் கெடுபிடி போட்டது. சீனத் துறைமுகங்களில் பெட்டி பெட்டியாகப் பழம் அழுகியது. இது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லாத விஷயம். ஜூன் மாதம் காவேரிப்பட்டணம் பக்கம் போனால் தெரியும்: மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர் வரிசை, தார்ப்பாயைத் தூக்கினால் முகத்தில் அடிக்கும் சூடு, அடியில் கசியும் சாறு, டிராக்டருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் விவசாயி. ஆலை இன்று வேண்டாம் என்றால் அந்தக் காய்க்கு நாளை விலை கிடையாது. வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் மிண்டனாவோக்காரருக்கு அந்தத் திட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அடி அவர் வயிற்றில் விழுந்தது.

தீர்ப்பு வந்தது

2013 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் வழக்குப் போட்டது. ஐந்து பேர் கொண்ட நடுவர் மன்றம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றம் அதன் அலுவலகமாக இருந்தது. சீனா கலந்துகொள்ளவில்லை. 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பு. ஒன்பது கோட்டுக்குள் உள்ள வளங்கள்மேல் வரலாற்று உரிமை கோர சட்ட அடிப்படை இல்லை. மிஸ்சீஃபும் செகண்ட் தாமஸும் ஓதத்தில் மூழ்கும் திட்டுகள், அவை பிலிப்பைன்ஸின் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கின்றன. ஸ்கார்பரோவில் இரு நாட்டு மீனவருக்கும் மரபுவழி உரிமை உண்டு, பிலிப்பைன்ஸ் மீனவரைத் தடுத்தது தவறு. எந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மட்டும் மன்றம் தொடவில்லை. அது அதன் அதிகாரத்தில் இல்லை.

சர்வேயர் வந்து அளந்து, கல் உன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஆனால் எதிர் தரப்பு அந்தக் காகிதத்தை வாங்கவே மறுத்துவிட்டது.

காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு இது எளிதாகப் புரியும். 1990இல் அமைத்த காவிரி நடுவர் மன்றம் 2007இல் இறுதித் தீர்ப்பு தந்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் முடித்துவைத்து, அதன் பிறகு மேலாண்மை ஆணையம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகும் வறட்சி ஆண்டில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் நமக்கு மேலே ஓர் உச்ச நீதிமன்றம் இருக்கிறது, போய் முறையிடலாம். நாடுகளுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையில் சீனாவிடமே தடுப்பு அதிகாரம் இருக்கிறது.

பெரிய நாடு தீர்ப்புக்குக் கட்டுப்படவே கட்டுப்படாதா? கட்டுப்பட்ட நாடு நம் நாடு. வங்காள விரிகுடாவில் வங்கதேசத்தோடு இருந்த வழக்கில் 2014 ஜூலையில் இதே வகை நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா ஏற்றுக்கொண்டது. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

ஏன் திருப்பி அடிக்கவில்லை?

இங்கேதான் பெரியப்பாவின் கேள்வி வருகிறது. சீனக் கப்பல்கள் சுடுவதில்லை. தண்ணீர் பீரங்கியால் அடிக்கின்றன, குறுக்கே வந்து உரசுகின்றன, கண்கூசும் லேசர் அடிக்கின்றன. மீன்பிடிப் படகுகள் போன்றவை நூற்றுக்கணக்கில் வந்து ஒரு திட்டைச் சுற்றி நங்கூரமிட்டு நிற்கின்றன. 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் சுமார் 220 படகுகளைப் பிலிப்பைன்ஸ் எண்ணியது. அமைதியும் அல்ல, போரும் அல்ல. வெள்ளையும் இல்லாத கறுப்பும் இல்லாத இதைச் 'சாம்பல் மண்டலம்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சால்.

அமெரிக்காவோடு பிலிப்பைன்ஸுக்கு 1951 முதல் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆயுதத் தாக்குதல் நடந்தால் துணைக்கு வர வேண்டும். தென் சீனக் கடலுக்கும் அது பொருந்தும் என்று 2019இல் அமெரிக்கா வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் தண்ணீர் பீரங்கி ஆயுதத் தாக்குதலா? 2024 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில், வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்றார் அதிபர் மார்கோஸ். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 17 அன்று, சியரா மாட்ரே கப்பலுக்குச் சாமான் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீன வீரர்கள் கத்தியும் கோடாரியுமாக மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் தன் கட்டை விரலை இழந்தார். உயிர் போகவில்லை. கோடு எங்கே என்று இரு தரப்புக்கும் தெரியும். அதற்கு ஒரு விரல் இடைவெளியில் காரியம் நடந்தது.

2025 ஜனவரியில் லூசோன் கரைக்கு மேற்கே 165 மீட்டர் நீளமுள்ள சீனக் கடலோரக் காவல் கப்பல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்துபோய் "இது எங்கள் பொருளாதார மண்டலம்" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தது ஜப்பான் உதவியில் கட்டிய 44 மீட்டர் பிலிப்பைன்ஸ் கப்பல். பதினைந்து அரசுப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளத்துக்கு எதிரே நான்கு பேருந்து. அந்தச் சிறிய கப்பலில் இருந்தவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

இந்தியாவிடம் பிலிப்பைன்ஸ் பிரம்மோஸ் ஏவுகணை வாங்கியது பலருக்கும் தெரியும். 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. அதன் எட்டும் தூரம் 290 கிலோமீட்டர் என்று வெளியிடப்பட்டிருக்கிறது. லூசோனிலிருந்து ஸ்கார்பரோ அதற்குள் அடங்கும். பிள்ளைகள் இந்த இடத்தில் உற்சாகமாகிவிடுவார்கள். நானும் மகிழ்கிறேன். ஆனால் தண்ணீர் பீய்ச்சும் கப்பலின் மேல் ஏவுகணை விட முடியாது. விட்டால் போரைத் தொடங்கியவர் யார் என்ற கேள்விக்கு பிலிப்பைன்ஸ் பதில் சொல்ல வேண்டிவரும். பெரும் படையெடுப்பு வராமல் அது காக்கும். சால் எடுப்பதைத் தடுக்காது.

சால் எடுப்பதைத் தடுக்க வேறு வகை உழைப்பு வேண்டும். எங்கள் வரப்பு விஷயத்தில் பாலக்கோட்டு வக்கீல் சொன்ன முதல் வார்த்தை: "முதல்ல எழுத்துல ஆட்சேபனை குடுங்க. 12 வருஷம் ஒருத்தர் வெளிப்படையா அனுபவிச்சுட்டா, பட்டா உங்க பேர்ல இருந்தும் வழக்கு நிக்காது." நாடுகளுக்கு இடையே 12 வருடக் கணக்கு இல்லை. ஆனால் நெடுங்காலம் வாய் திறக்காமல் இருந்தால் அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற பயம் அங்கேயும் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு அத்துமீறலுக்கும் பிலிப்பைன்ஸ் வெளியுறவுத் துறை கண்டனக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடிதத்தால் என்ன ஆகும் என்று கேலி பேசுபவர்கள் உண்டு. நிலவழக்கு நடத்தியவர்கள் பேசமாட்டார்கள்.

2023 முதல் இன்னொன்றும் செய்கிறார்கள். காவல் கப்பல்களில் செய்தியாளர்களை ஏற்றிப்போய், நடப்பதைப் படமெடுத்து அன்றைக்கே வெளியிடுகிறார்கள். ஊரைக் கூட்டி வரப்பைக் காட்டுவது போல. 2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ அருகே பிலிப்பைன்ஸ் காவல் கப்பலைத் துரத்திய சீனக் கடலோரக் காவல் கப்பலும் சீனப் போர்க்கப்பலும் தமக்குள்ளேயே மோதிக்கொண்டதை உலகம் பார்த்தது அப்படித்தான். துணையும் தேடுகிறார்கள். அமெரிக்கப் படை வந்து தங்கிப்போகும் இடங்கள் 2023இல் ஐந்திலிருந்து ஒன்பதாயின. ஜப்பானோடு 2024 ஜூலையில் படைகள் போய்வரும் ஒப்பந்தம் ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இந்தியக் கடற்படையும் அவர்களோடு சேர்ந்து அந்தக் கடலில் பயணித்தது. சொந்தப் பிராந்திய அமைப்பான ஆசியானிடமிருந்து மட்டும் பெரிய உதவி இல்லை. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். 2012இல் இந்த விவகாரத்தால், 45 ஆண்டில் முதல்முறையாகக் கூட்டறிக்கையே இல்லாமல் வெளியுறவு அமைச்சர்கள் கலைந்தார்கள். துணை கூடக்கூட, வல்லரசுச் சண்டையில் நாமும் சிக்கிவிடுவோமோ என்ற கவலை பிலிப்பைன்ஸ் மக்களிடம் இருக்கிறது. 12க்கு 11 என்று வாக்களித்த நாட்டில் அது நியாயமான கவலை.

விரல் போன சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில் இரு நாடுகளும் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தன. அரிசியும் தண்ணீரும் மருந்தும் சியரா மாட்ரேவுக்கு அதன்படி போய்வருகின்றன. இரண்டு நாடுகளும் அந்த ஏற்பாட்டை வேறு வேறு விதமாக விளக்குகின்றன. சீனாவின் நெடுநாள் குற்றச்சாட்டு, கப்பலைப் பலப்படுத்தக் கட்டுமானப் பொருள் கொண்டுபோகிறார்கள் என்பது. உள்ளே இருக்கும் வீரர்கள் தங்கியிருப்பதற்கு வேண்டிய மராமத்து செய்துகொள்கிறோம் என்கிறது பிலிப்பைன்ஸ். 1944இல் அடித்த இரும்பு, கால் நூற்றாண்டுக்கு மேலாக உப்புத் தண்ணீரில் அசையாமல் நிற்கிறது. அது இற்று விழும் நாளில் அந்தத் திட்டில் முதலில் கால்வைப்பது யார் என்பதற்குத்தான், இரண்டு பக்கமும் இப்போதிலிருந்தே கப்பல்களை அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.